சப்பரம் திரும்பிய முனை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. உடனே பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். முதலில் நல்ல செய்தி: மகளுக்குச் சுகப்பிரசவம், ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். ஞானஸ்நானத்தை நம் ஊர்க் கோயிலிலேயே கொடுக்க வேண்டும் என்று வீட்டில் ஆசைப்படுகிறார்கள். தேதி முடிவானதும் சொல்கிறேன், நீ கட்டாயம் இருக்க வேண்டும்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நம் கோயில் யூபிலி ஆண்டு மலரில் பங்கு வரலாறு எழுதும் பொறுப்பு உனக்குத்தான் கிடைத்தது என்று அறிந்து உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். ஆனால் நம் திருவிழாச் சப்பரம் சாதி பார்த்துத் தெற்குத் தெருவுக்குள் போகாமல் திரும்பிக்கொண்டிருந்த அந்த விஷயத்தை எழுதலாமா, விடலாமா என்று என்னிடம் கேட்டிருக்கிறாய். பங்குப் பேரவையில் பாதிப் பேர் 'ஆறின புண்ணை ஏன் கீறணும்' என்கிறார்களாம். இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் ஒரு கல்யாணத்துக்காக நாகர்கோவில் போக வேண்டியிருந்தது. மறுநாள் ஊர் திரும்பாமல் பேருந்து ஏறி, ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டி, காவல்கிணறு வழியாக வடக்கன்குளம் போனேன். உன் கேள்விக்குப் பதில் அங்கே கட்டடமாகவே நிற்கிறது என்று மனதில் பட்டது. தாமதத்துக்குக் காரணம் அதுதான்.

வடக்கன்குளத்தைப் பற்றி நாம் மறைக்கல்வியில் கேட்டதெல்லாம் தேவசகாயத்தோடு முடிந்துவிடும். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் நீலகண்டன். 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய் அவருக்கு நண்பராகிறார். அவர் வழியாக விசுவாசம் வருகிறது. 1745 மே 14-ஆம் தேதி வடக்கன்குளத்தில் புத்தாரி என்ற சேசு சபைச் சாமியார் கையால் ஞானஸ்நானம். லாசர் என்ற பெயர்தான் தமிழில் தேவசகாயம். பிறகு சிறை, சித்திரவதை. 1752 ஜனவரி 14-ல் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். உடல் கோட்டாறு சவேரியார் கோயிலில் இருக்கிறது. இதெல்லாம் உனக்கும் மனப்பாடம்.

ஆனால் அதே ஊரில் 1872-ல் எழுந்த கோயிலைப் பற்றி நமக்கு யாரும் சொல்லவில்லை. மேலிருந்து பார்த்தால் கால்சட்டை மாதிரி இருக்கும் கோயில். பீடம் ஒன்று, அதிலிருந்து இரண்டு கைகள் விரிந்து போகின்றன. ஒரு கை வேளாளருக்கு, இன்னொன்று நாடாருக்கு. இரண்டு பக்கத்தாருக்கும் பூசை தெரியும், சாமியார் தெரிவார். ஒருவரை ஒருவர் மட்டும் பார்க்க முடியாது. நடுவில் சுவர். தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்று 127 ஆண்டு கழித்து, அதே மண்ணில், ஒரே அப்பத்தை இரண்டு பக்கமாக நின்று வாங்கியிருக்கிறார்கள்.

பீடத்துப் பக்கம் நின்று இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டடத்தின் அழகைப் பார்க்கப் போய் இப்படி வாயடைத்து நின்றது எனக்கு அதுவரை நடந்ததில்லை. சண்டை என்றால் நாலு வார்த்தை, நாலு அடி, அப்புறம் ஆறிப்போகும். இங்கே அதைத் திட்டம் போட்டு, அளந்து, செங்கல் அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். கட்டியவர்கள் கெட்டவர்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு பக்கத்தாரையும் எப்படியாவது ஒரே கூரைக்குள் வைத்திருக்க இது ஒன்றுதான் வழி என்று நினைத்திருக்கலாம். அந்த நினைப்புதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

வேர் ஆழமானது. 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலியச் சேசு சபைச் சாமியார் தெ நொபிலி காவியும் பூணூலுமாக, சைவ உணவோடு, உயர்சாதியாரிடம் போய் நின்றார். அதற்குத் தடை சொன்னவர்களுக்கு எதிராக 1623-ல் ரோமையிலிருந்தே அனுமதி வந்தது. ஆனால் அந்தக் கோலத்தில் இருந்தவர்கள் எல்லாத் தெருவுக்கும் போக முடியாது. அதனால் 1640-லிருந்து பண்டாரசாமிகள் என்று இன்னொரு வகைச் சாமியார்கள் ஏற்பட்டார்கள். எளிய மக்கள் நடுவே வெளிப்படையாகப் போய்வர அவர்களால் முடிந்தது. ஒரே சபை, ஒரே வேதம், இரண்டு உடை. நொபிலியின் தமிழையும் துணிவையும் நான் மனதார மதிக்கிறேன். ஆனாலும் அந்த இரண்டு உடைக்கும் வடக்கன்குளத்தின் இரண்டு கைக்கும் ஏதோ ஓர் உறவு இருப்பதாகவே அங்கே நின்றபோது தோன்றியது. இது என் எண்ணம் மட்டும்தான், மலரில் போட்டுவிடாதே.

1910-ல் கௌசானல் சாமியார், பிரெஞ்சுக்காரர், அந்தச் சுவரை இடித்தார். கட்டி 38 ஆண்டு ஆகியிருந்தது. வேளாளர் தரப்பு நீதிமன்றம் போனது, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை நடந்தது. தங்களுக்கென்று தனி இடம் வேண்டும் என்ற கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. யோசித்துப் பார், பூசையில் எங்கே உட்காருவது என்பதற்கு ஜார்ஜ் மன்னர் காலத்து நீதிபதிகள் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

சுவர் போய்விட்டது, கால்சட்டை வடிவம் போகவில்லை. நான் சொல்ல வந்தது இதைத்தான். வடக்கன்குளத்துக்காரர்கள் நினைத்தாலும் மறைக்க முடியாது, கோயிலுக்குள் நுழைகிற பிள்ளை 'ஏன் இப்படி இருக்கிறது' என்று கேட்கத்தான் செய்யும். யாராவது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். நம் ஊரில் கட்டடம் நேராக இருப்பதால் நாம் தப்பித்துக்கொண்டிருக்கிறோம். 2022 மே 15-ல் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது வத்திக்கான் 'பிள்ளை' என்ற சாதிப் பெயரை விட்டுவிட்டதே, ஞாபகமிருக்கிறதா? இந்தியாவிலிருந்து பீடத்துக்கு ஏறிய முதல் பொதுநிலையினர், அதாவது சாமியாரோ துறவியோ அல்லாதவர், வெறும் தேவசகாயமாகவே ஏறினார். ரோமையே ஒரு சொல்லை யோசித்துத் திருத்தியிருக்கும்போது, நம் பேரவை ஒரு பத்திக்குப் பயப்படலாமா?

நம் சப்பரத்தை நான் மறக்கவில்லை. அந்தோனியார் திருவிழா, ஒன்பதாம் நாள் இரவு. நீ தூபக்கால் பிடித்திருந்தாய், நான் மெழுகுதிரி. மேலத்தெரு, கீழத்தெரு எல்லாம் சுற்றிவிட்டுத் தெற்குத் தெரு முனைக்கு வந்ததும் சப்பரம் நிற்கும், மேளம் ஒரு சுற்று வாசிக்கும், அப்படியே திரும்பும். எல்லா வருஷமும் அப்படித்தான் என்பதால் நமக்கு அது வழக்கமாகத்தான் தெரிந்தது. அந்த முனையில் ஒரு கிழவி சுளகில் உப்பும் மிளகும் வைத்துக்கொண்டு நிற்பாள். ஒரு வருஷம் என்னைக் கூப்பிட்டு, 'சாமி மேலே நீ போட்ருய்யா, எனக்கு எட்டாது' என்றாள். வாங்கிப் போட்டேன். எட்டாது என்றது உயரத்தை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அவளுக்கு உயரம் ஒன்றும் குறைவில்லை என்று உறைத்தபோது எனக்கு நாற்பது வயது.

அப்புறம் ஒரு வருஷம் சப்பரம் திரும்பாமல் நேராகத் தெற்குத் தெருவுக்குள் போனதே, அதற்காக எத்தனை கூட்டம், எத்தனை பேர் இரண்டு வருஷம் கோயில் வரி கொடுக்காமல் இருந்தார்கள், அன்றைய பங்குச் சாமியார் எத்தனை வீட்டு வாசலில் போய் நின்றார்! அதை எழுதாமல் விட்டால் அவர்கள் பட்ட பாடும் சேர்ந்து அழிந்துபோகும். மலரில் 'இவர் வந்தார், மணிக்கூண்டு கட்டினார், மாறிப் போனார்' என்று சாமியார்களின் பட்டியல் மட்டும் வந்தால் அது கட்டட வரலாறு. நம் சனத்தின் வரலாறு ஆகாது. யார் பெயரையும் போட்டுக் குத்த வேண்டாம். முனையைச் சொல், சப்பரம் திரும்பியதைச் சொல், பிறகு திரும்பாமல் போனதையும் சொல். போதும்.

இன்னொன்று. பங்கின் பழைய பதிவுப் புத்தகங்களைத் தேடும்போது ஞானஸ்நானப் புத்தகத்தில் தொடங்கு. பங்குச் சாமியார் திருமணப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1563-லேயே சொன்னது. 1614-ல் வந்த ரோமைச் சடங்கு நூல் ஞானஸ்நானம், மரணம் எல்லாவற்றுக்கும் புத்தகம் வைக்கச் சொன்னது. ஒருவரின் கல்யாணத்தை அவர் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலேயே குறிக்க வேண்டும் என்ற விதி 1908-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதனால் அந்த ஓரங்களைக் கவனமாகப் படி. கொழும்புக்கும் ரங்கூனுக்கும் பிழைக்கப் போனவர்கள் எங்கே கல்யாணம் முடித்தார்கள் என்பது அங்கே இருந்தாலும் இருக்கும். ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்களையும் பார். எந்தத் தெருப் பிள்ளையை எந்தத் தெருக்காரர் கையில் ஏந்தினார் என்று கவனித்தாலே பாதி வரலாறு தெரிந்துவிடும். லத்தீனில் எழுதிய பக்கங்கள் வந்தால் படம் எடுத்து அனுப்பு, எனக்கு ஓரளவு புரியும்.

முடிந்தால் மரணப் புத்தகத்தில் எனக்காக ஒன்று பார். அந்த உப்பு மிளகுக் கிழவி நாம் ஒன்பதாம் வகுப்பு படித்த வருஷம், அடைமழையில் இறந்துபோனாள். ஐப்பசியா கார்த்திகையா என்று நினைவில்லை. தெற்குத் தெரு ஆத்தா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம், அவள் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. கண்டுபிடித்தால் உடனே எழுது.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

உன் பழைய தோழன்