மதத்தை வீட்டோட வெச்சுக்கணுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில ஒருத்தர், மதத்தை அவங்கவங்க வீட்டுக்குள்ள வெச்சுக்கட்டும், ரோட்டுக்கும் ஸ்கூலுக்கும் கொண்டு வராதீங்க, அப்பதான் எல்லாரும் ஒத்துமையா இருக்க முடியும்னு எழுதியிருந்தாரு. யாரையும் கேவலமா பேசல, நல்ல எண்ணத்துலதான் சொல்றாருன்னு தெரியுது, அதனாலதான் இந்தப் பதில். நம்ம ஊரு என்னைக்கு அய்யா அப்படி இருந்துச்சு? தேர் ரோட்டுலதான் ஓடுது, மாலை போட்ட சாமிங்க பஸ்ல வர்றாங்க, வேளாங்கண்ணிக்கு காவி கட்டிட்டு நடந்தே போறாங்க, நாகூர் கந்தூரிக்கு கொடி ஊர்வலமா வருது. இதை எல்லாம் வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டணும்னா தமிழ்நாட்டுல திருவிழான்னே ஒண்ணு இருக்காது.

சட்டமும் அப்படி சொல்லல. அரசியல் சட்டம் 25-வது பிரிவுல மனசுக்குள்ள நம்பறதோட நிறுத்தல, வெளிப்படையா கடைப்பிடிக்கலாம், பரப்பலாம்னே இருக்கு, அதுலயே கீழ ஒரு விளக்கம் போட்டு சீக்கியங்க கிர்பான் வெச்சுக்கறது அவங்க மதத்துல சேர்ந்ததுதான்னு தனியா எழுதி வெச்சிருக்காங்க. கிர்பான்ங்கறது கத்தி. அதை உடம்புல வெச்சுக்கறதையே ஏத்துக்கிட்டு எழுதின சட்டம் இது, தலையில போடற துணிக்கு பயப்படற சட்டம் இல்ல. பொது அமைதி, ஒழுக்கம், சுகாதாரம், மத்தவங்களோட அடிப்படை உரிமை, இதுக்கெல்லாம் பாதகம் வரக்கூடாதுன்னு எல்லையும் போட்டிருக்காங்க, அது நியாயம்தான்.

எனக்கு ரெண்டு பொண்ணுங்க. மூத்தவ ஒன்பதாவதுல இருந்து முக்காடு போடறா, நாங்க யாரும் சொல்லல, அவளா ஆரம்பிச்சா, யூனிஃபார்ம் கலர்லயே துணி வேணும்னு கடை கடையா ஏறி இறங்கி, கடைசியில யூனிஃபார்ம் துணியிலயே அரை மீட்டர் கூட வாங்கி டெய்லர்கிட்ட ஓரம் அடிச்சு, காதுக்குப் பின்னாடி ரெண்டு பின் குத்திட்டுப் போவா. சின்னவ போடறதில்ல, தொழுகை நேரத்துக்கு மட்டும்தான். ரெண்டு பேரும் ஒரே ஸ்கூல்லதான் படிச்சாங்க, ஒரே அத்தாவோட பிள்ளைங்கதான். சின்னவளை ஏன் போடலைன்னு சொந்தக்காரங்க கேட்டா என் வீட்டுக்காரர் பேச்சை அதோட நிறுத்தச் சொல்லிடுவாரு. மூத்தவளை ஏன் போடறேன்னு கேக்கறவங்களுக்கும் அதே பதில்தான்.

அதனாலதான் கர்நாடகாவுல உடுப்பியில ஹிஜாப், அதாவது முக்காடு, போட்ட பிள்ளைங்களை காலேஜ் கிளாஸுக்குள்ள விடாத விஷயம் எனக்கு இன்னும் ஆறல. 2022 பிப்ரவரி 5-ந்தேதி கர்நாடக அரசு, சொன்ன யூனிஃபார்மைத்தான் போடணும்னு ஆர்டர் போட்டுச்சு, மார்ச் 15-ந்தேதி அங்க ஹைகோர்ட் ஹிஜாப் இஸ்லாத்துல அத்தியாவசியமான கடமை இல்லைன்னு சொல்லி பிள்ளைங்க மனுவைத் தள்ளிடுச்சு. அதுக்கப்புறம் காலேஜ் வாசல் வரைக்கும் வந்து பரீட்சை எழுதாமலே திரும்பிப் போன பிள்ளைங்க உண்டு. அதே யூனிஃபார்ம் கலர் துப்பட்டாவையே தலையில போட்டுக்கறோம்னு கூட அவங்க தரப்புல கேட்டுப் பாத்தாங்க, கேந்திரிய வித்யாலயால யூனிஃபார்முக்கு ஏத்த கலர்ல ஸ்கார்ஃப் போட அனுமதி இருக்குன்னும் எடுத்துச் சொன்னாங்க, எடுபடல. சுப்ரீம் கோர்ட்ல அக்டோபர் 13-ந்தேதி ரெண்டு நீதிபதியும் ஆளுக்கொரு தீர்ப்பு கொடுத்தாங்க. ஹேமந்த் குப்தா தள்ளுபடி பண்ணாரு. சுதான்ஷு துலியா, இதை மத நூல்ல தேட வேண்டிய அவசியமே இல்ல, அந்தப் பொண்ணோட விருப்பம், வேற எதுவும் இல்ல, கேட்ல வெச்சு ஹிஜாபைக் கழட்டச் சொல்றது அவ மானத்து மேலயும் அந்தரங்கத்து மேலயும் கை வைக்கறதுன்னு எழுதினாரு.

இதுல எனக்கு உறுத்தறது அந்த அத்தியாவசியம்ங்கற அளவுகோல்தான், அதாவது மதத்துக்கு அத்தியாவசியமானதுக்கு மட்டும்தான் சட்டப் பாதுகாப்புங்கறது. 1954-ல சுப்ரீம் கோர்ட்ல, ஷிரூர் மடம்ங்கற ஒரு இந்து மடத்தோட கேஸ்ல வந்த வார்த்தை அது. அங்க எது அத்தியாவசியம்னு அந்த மதத்தோட கொள்கையை வெச்சே பாக்கணும்னுதான் சொன்னாங்க. போகப்போக என்ன ஆச்சுன்னா ஜட்ஜே வேத நூலைப் பிரிச்சு வெச்சு இது கட்டாயம் இது கட்டாயமில்லன்னு தீர்ப்பு சொல்ற நிலைமை வந்துடுச்சு. எங்க ஆலிம்ஸ், அதாவது மார்க்கம் படிச்ச அறிஞர்களுக்குள்ளயே ஆயிரம் கருத்து இருக்கு, முகம் மூடணுமா வேண்டாமான்னே ஒத்துப் போக மாட்டாங்க, இதுல கோர்ட் எப்படி முடிவு சொல்லும்? சபரிமலை கேஸ்லயும் இதே சிக்கல் வந்துதான் 2019-ல இந்தக் கேள்விகளைப் பெரிய பெஞ்சுக்கு அனுப்பினாங்க, அப்ப இது முஸ்லிம் பிரச்சினை மட்டும் இல்லையே.

கேக்க வேண்டிய கேள்வி வேற. அந்தப் பொண்ணு உண்மையாவே நம்பித்தான் போடறாளா? அதனால பக்கத்து பெஞ்சுல இருக்கற பிள்ளைக்கு என்ன இடைஞ்சல்? இந்த ரெண்டும் போதும். இது நானா சொல்றதும் இல்ல, 1986-ல கேரளாவுல மூணு பிள்ளைங்க கேஸ் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்துச்சு, யெகோவா சாட்சிகள்ங்கற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம், ஸ்கூல்ல தேசிய கீதம் பாடும்போது மரியாதையா எழுந்து நிப்பாங்க ஆனா பாட மாட்டாங்க, அவங்க நம்பிக்கைப்படி அது கூடாதாம், ஸ்கூலை விட்டு அனுப்பிட்டாங்க. நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதின தீர்ப்புல, அந்த நம்பிக்கை நமக்குச் சரின்னு படுதா இல்லையாங்கறது பேச்சே இல்ல, அவங்க மனசார நம்பறாங்களான்னு மட்டும் பாருங்கன்னு சொல்லி பிள்ளைங்களைத் திரும்பச் சேத்துக்க சொன்னாங்க. துலியாவும் அந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக் காட்டினாரு. மனசு இருந்தா வழி எவ்வளவு சுளுவா கிடைக்கும்னா, 2016-ல மெடிக்கல் என்ட்ரன்ஸுக்கு ஹிஜாப் போட்டு வரக்கூடாதுன்னப்ப கேரளா ஹைகோர்ட் என்ன சொல்லுச்சு? போட்டுட்டு வா, அரை மணி நேரம் முன்னாடியே வந்து பெண் ஊழியர்கிட்ட சோதனைக்கு நில்லு. முடிஞ்சுது.

அதே கேள்வியை எங்க பக்கமும் கேக்கணும். கேக்காம விட்டா இவ்வளவு நேரம் எழுதினதுக்கு அர்த்தமில்ல. பெரம்பலூர் மாவட்டம் வி.களத்தூர்ல 2011 வரைக்கும் கோயில் ஊர்வலம் எல்லா தெருவுலயும் போயிட்டு இருந்துச்சு, 2012-லருந்து எங்க ஆளுங்க ஜாஸ்தியா இருக்கற தெரு வழியா வரக்கூடாதுன்னு ஆட்சேபிச்சாங்க. 2021-ல சென்னை ஹைகோர்ட் நீதிபதிகள் கிருபாகரன், வேல்முருகன் ஊர்வலத்துக்கு அனுமதி கொடுத்தாங்க. இந்த வாதத்தை ஏத்துக்கிட்டா சிறுபான்மையினர் நாட்டுல பெரும்பாலான இடத்துல ஒரு விழாவும் நடத்த முடியாம போயிடும்னு சொன்னாங்க. அப்ப எங்க உறவுல நிறைய பேருக்குக் கோபம். எனக்கு அந்தத் தீர்ப்பு சரின்னுதான் பட்டுச்சு, இன்னைக்கும் படுது. தெரு யாரு வீட்டு முற்றமும் இல்ல. என் பொண்ணு முக்காட்டோட நடக்கற அதே தெருவுல சாமி சப்பரமும் வரலாம், வரணும்.

தொழுகைக்குக் கூப்பிடற பாங்கு விஷயமும் அப்படித்தான். பாங்கு சொல்றது எங்க மார்க்கம், ஸ்பீக்கர் மார்க்கம் இல்ல. ராத்திரி 10 மணிலருந்து காலை 6 மணி வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுங்கறது எல்லாருக்கும் பொதுவான விதி. 2000-ல சென்னையில ஒரு சர்ச் விஷயத்துல சுப்ரீம் கோர்ட், மத்தவங்க நிம்மதியைக் கெடுத்து மைக் வெச்சுத்தான் ஜெபிக்கணும்னு எந்த மதமும் சொல்லலைன்னு தெளிவா சொல்லியிருக்கு. பச்சக்குழந்தை தூங்கும், டயாலிசிஸ் முடிஞ்சு வந்தவங்க படுத்திருப்பாங்க, அவங்களுக்கு இடைஞ்சல்னா நாங்க சத்தத்தைக் குறைக்கத்தான் வேணும், ஆடி மாசம் கோயில் குழாய் ஸ்பீக்கருக்கும் அதேதான். முக்காடு யாரு தூக்கத்தைக் கெடுக்குது?

சின்னவளை நாளைக்கு யாராவது போட்டே ஆகணும்னு கட்டாயப்படுத்தினா, ஜமாத்தே சொன்னாலும் சரி, நான் எதுத்து நிப்பேன், அதையும் இங்க எழுதி வைக்கறேன். கழட்டுன்னு மிரட்டறதும் போடுன்னு மிரட்டறதும் எனக்கு ஒண்ணுதான்.

ஆசிரியர் கிட்ட ஒரு வேண்டுகோள். ஹிஜாப் பிரச்சினை எங்க வந்தாலும் உங்க பேப்பர்ல பரபரப்பு, பதற்றம்னு தலைப்பு போட்டு போலீஸ் நிக்கற போட்டோ வருது, அந்த 1986 தீர்ப்பு பத்தி ஒரு வரி வந்து நான் பாத்ததில்ல. அதைத் தமிழ்ல ஒரு ஞாயித்துக்கிழமை போடுங்க, பள்ளிக்கூட ஹெட்மாஸ்டருங்களும் எங்க ஜமாத் ஆளுங்களும் போன வாரம் கடிதம் எழுதின அந்த வாசகரும் படிக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
திருச்சி மாவட்டம்