ஃபேன் குடிக்கும் டீசல்

அன்புள்ள முருகேசனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். பெரியவன் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் எடுத்திருக்கிறான் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்தது.

போன மார்கழியில் டிப்போவில் நடந்ததை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். பின்பக்க இன்ஜின் வண்டி ஒன்று டீசல் அதிகம் குடிக்கிறது என்று புகார். இன்ஜெக்டரைப் பார்த்தார்கள், டயர் காற்றைப் பார்த்தார்கள், கடைசியில் டிரைவர் கால் மேல் பழி விழுந்தது. எனக்கு இன்ஜினைக் குளிர்விக்கிற ஃபேனின் சத்தம்தான் உறுத்தியது. பனி விலகாத நேரத்தில், வண்டி கிளம்பிக் கால் மணிக்குள் ஃபேன் ஏன் முழு வேகத்தில் இரைய வேண்டும்? கழற்றினோம். இன்ஜினுக்குப் போகும் காற்றை ஆற்றுகிற இன்டர்கூலருக்கும், தண்ணீரை ஆற்றுகிற ரேடியேட்டருக்கும் நடுவே கம்பளி விரித்த மாதிரி தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பளிச்சென்றுதான் இருந்தது! வேகமாகப் பீய்ச்சினால் தகடு மடங்கிவிடும். அதனால் உள்பக்கத்திலிருந்து மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். அரை வாளி கறுப்புச் சேறு வந்தது. மறுநாள் ஃபேன் அடங்கிச் சுற்றியது.

ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும், ஆனால் அது இழுக்கும் சக்தி எட்டில் ஒரு பங்குதான். வேகத்தை 80 சதவீதத்துக்கு இறக்கினாலே சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும். நெடுஞ்சாலை லாரிக்கு எதிர்காற்று உதவும். நிறுத்தத்துக்கு நிறுத்தம் நிற்கிற டவுன் பஸ்ஸுக்கு ஏது எதிர்காற்று? எல்லாச் சுமையும் ஃபேன் தலையில். அதிலும் நம் வண்டியில் இன்ஜின் பம்பைச் சுற்ற, பம்ப் எண்ணெயைத் தள்ள, எண்ணெய் மோட்டாரைச் சுற்ற, அப்புறம்தான் ஃபேன். கைமாறுகிற இடமெல்லாம் கொஞ்சம் சிந்திப்போகிறது. அமெரிக்காவில் பல நகரப் பேருந்துகளில் இதை எடுத்துவிட்டுச் சின்ன மின்விசிறிகளை வரிசையாக வைத்துவிட்டார்கள். சூட்டுக்குத் தக்கபடி வேகம் கூடும், குறையும். அதற்கு மின்சாரம் தரப் பெரிய ஆல்டர்னேட்டர் வேண்டும், செலவு உண்டு. ஆனாலும் நாமும் அந்த வழிக்குத்தான் போக வேண்டும்.

இன்னொன்று, வயிற்றெரிச்சல். வண்டி சூடாகிறது என்றாலே தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. தண்ணீரை ரேடியேட்டருக்கு விட 80 டிகிரிக்கு மேல் திறக்க வேண்டிய அந்தக் கதவே இல்லையென்றால் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வரவே நேரமாகும், ஆயில் கெட்டியாகவே கிடக்கும், டீசல் வீண். சில இன்ஜின்களில் ரேடியேட்டரைத் தொடாமல் தண்ணீர் திரும்புகிற பைபாஸ் வழி மூடாமல் தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே சரியாகப் போகாது, சூடு இன்னும் ஏறும். எத்தனை முறை சொல்வது!

அந்த வண்டிக்கென்று தனி நோட்டு போட்டு டீசலும் கிலோமீட்டரும் தினமும் எழுதி வருகிறேன். சித்திரைக்கு நீ வரும்போது மூன்று மாதக் கணக்கு கையில் இருக்கும். உன் பட்டறைக்கு வரும் வண்டிகளில் தெர்மோஸ்டாட் இல்லாதவை எத்தனை என்று எண்ணி எழுது. பெரியவனையும் கூட்டிக்கொண்டு வா, அந்த ரேடியேட்டரை அவனுக்குக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
செல்வராஜ்