பாட்டில் போல்ட்டைக் கழற்றச் சொன்ன அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும்

எல்லோருக்கும் வணக்கம். டென்டுக்குள் படுத்துக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் பயணத்தின் முதல் நாள் முடிந்தது, 62 கிலோமீட்டர். தனியாகப் போகிறேன், தனியாகப் போகிறேன் என்று ஒரு மாதமாகச் சொல்லித் திரிந்தேன் இல்லையா, அந்தப் பேச்சைக் காலை பத்து மணிக்கே வாபஸ் வாங்கிவிட்டேன்.

முதல் நன்றி, பெயர் கேட்க மறந்துபோன அந்த அண்ணனுக்கு. ஓர் இறக்கத்தில் பின்னால் ஏதோ உரசுகிற சத்தம். இறங்கிப் பார்த்தால் கேரியரை ஃபிரேமோடு பிடித்திருந்த போல்ட் ஒன்றைக் காணோம், இடப்பக்கத்துப் பை சாய்ந்து ஸ்போக்கில் தட்டுகிறது. மாற்று ட்யூப் இரண்டு, பஞ்சர் பசை, செயின் எண்ணெய் எல்லாம் வைத்திருக்கிறேன், ஒரு போல்ட் இல்லை. வந்த வழியே கொஞ்ச தூரம் தேடி நடந்துவிட்டு, கேபிள் டையால் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது எதிரே சைக்கிளில் வந்தவர் நின்றார். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். "பாட்டில் ஸ்டாண்டுல இருக்கிற போல்ட்டைக் கழற்று தம்பி, ரெண்டும் எம்5 தான்" என்றார். எம்5 என்றால் 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள போல்ட். அதே மரை! என்னிடமிருந்த 4 மில்லிமீட்டர் அலன் கீயே (அறுகோணச் சாவி) போதுமானதாக இருந்தது. நீளம்தான் சற்றுக் குறைவு, வாஷரை எடுத்துவிட்டுப் போட்டதும் ஐந்தாறு சுற்று நன்றாகவே பிடித்தது. கிளம்பும்போது, சுமையோடு ஓடினால் அதிர்வில் எல்லா போல்ட்டும் இளகும், தினமும் சாயங்காலம் முறுக்கிப் பார் என்று சொல்லிவிட்டுப் போனார். போல்ட் இளகாமலிருக்க மரையில் பூசும் பசையைப் போன வாரமே பூசச் சொன்ன நண்பனுக்கு நன்றி கிடையாது, மன்னிப்புதான்.

அதே நண்பன் நேற்று ராத்திரி என் பைகளைக் கொட்டி, 6 கிலோவை வெளியே எடுத்துவிட்டு, கருவிகளையும் அடுப்பையும் முன்சக்கரப் பைகளின் அடியில் தள்ளியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. எல்லாப் பாரமும் பின்னால் இருந்தால் ஏற்றத்தில் முன்சக்கரம் நிலைகொள்ளாமல் அலையும் என்று சொன்னான். இன்று அந்த நீண்ட ஏற்றத்தில் ஹேண்டில் அசையவே இல்லை. சரி, இதற்கு நன்றி.

பெடலை அழுத்தாதே, சின்ன கியரில் சுற்று என்று தினமும் காதில் ஓதிய அக்காவுக்கு: முழங்கால் இரண்டும் நலம். உட்காரும் இடத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

அப்புறம், தன் நிலத்தில் தங்கவிட்ட பெரியவர். ஓடைக்குப் பக்கத்தில், பள்ளத்தில், பார்க்க அழகான இடமாகத் தேடி டென்டை நட்டு முடித்திருந்தேன். வந்து பார்த்துவிட்டு, ராத்திரி குளிர் அங்கேதான் இறங்கித் தேங்கும், விடியும்போது துணியெல்லாம் ஈரமாகிவிடும், மேட்டுக்குப் போ என்றார். சோர்வில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரே குனிந்து முளைகளைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டார், அதன் பிறகு நான் எப்படிச் சும்மா நிற்பது? இப்போது மேட்டில்தான் படுத்திருக்கிறேன். கீழே ஓடைமேல் வெள்ளையாகப் பனி படர்ந்து கிடக்கிறது.

டார்ச் மங்குகிறது. அண்ணா, நீங்கள் சொன்னபடி படுக்கும்முன் எல்லா போல்ட்டையும் முறுக்கிப் பார்த்தேன். இரண்டு இளகித்தான் இருந்தன.