எந்தக் காது என்று எழுதி அனுப்புங்கள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் காது மூக்கு தொண்டை பார்க்கும் டாக்டர்களுக்கும், காது கேட்கும் திறனைச் சோதிக்கும் சக ஆடியாலஜிஸ்டுகளுக்கும், பிசியோதெரபிஸ்ட் நண்பர்களுக்கும் வணக்கம்.

எது யாருடைய வேலை என்ற சண்டை நமக்குள் ரொம்ப நாளாக ஓடுகிறது. தலைசுற்றலுக்குத் தலையைப் பல நிலைகளில் திருப்பிச் செய்யும் எப்ளி முறையை டாக்டர்தான் செய்யணுமா, ஆடியாலஜிஸ்ட் செய்யலாமா, பிசியோ தொடலாமா என்று வாட்ஸப் குழுக்களில் அடித்துக்கொள்கிறோம். டாக்டர்களுக்குத் தேசிய மருத்துவ ஆணையம், எங்களுக்கு 1992 சட்டப்படி மறுவாழ்வு கவுன்சில், பிசியோக்களுக்கு 2021 சட்டப்படி வேறொரு ஆணையம் என்று டெல்லியிலேயே தனித்தனியாகக் குடிவைத்துவிட்டார்கள். அதைக் கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு நாம் மாற்றப்போவதில்லை. நான் கேட்பது சின்ன விஷயம். ஒருவரை இன்னொருவரிடம் அனுப்பும்போது என்ன பார்த்தோம், என்ன செய்தோம், எந்தக் காது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

நாற்று நடப் போகிற ஒரு அம்மா. குனிந்து நிமிர்ந்தால் சுற்றுகிறது, படுக்கையில் புரண்டால் சுற்றுகிறது, ஒரு நிமிஷத்துக்குள் நின்றுவிடுகிறது. உள்காதில் இருக்கும் கால்சியம் துகள் இடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள் போன கேஸ் என்று நமக்கெல்லாம் தெரியும். தலையை ஒரு பக்கம் 45 டிகிரி திருப்பி, மடக்கென்று மல்லாக்கப் படுக்கவைத்துக் கண் ஆடுவதைப் பார்த்தால், எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும். துகளை வெளியே கொண்டுவரும் எப்ளிக்குச் சில நிமிஷம் போதும், பலருக்கு ஓரிரு தடவையிலேயே சரியாகிவிடும். ஆனால் அந்த அம்மா நம்மிடம் வந்துசேரும்போது கழுத்தில் காலர் மாட்டியிருக்கிறார். "எலும்பு தேஞ்சு போச்சாம்." மஞ்சப்பையில் கழுத்து எக்ஸ்ரே, மாதக்கணக்கில் தின்று தீர்த்த தலைசுற்றல் மாத்திரையின் காலி அட்டைகள், அப்புறம் தெர்மல் பேப்பரில் எடுத்த ஏதோ ஒரு ரிப்போர்ட், வெயிலில் வெளுத்து ஒரு எழுத்துகூடத் தெரியாமல். ஒரே ஒரு சீட்டில் நோயின் பெயர் சரியாகவே இருக்கிறது, ஆனால் வலதா இடதா என்று இல்லை, எப்ளி செய்தார்களா என்றும் இல்லை. கேட்டால் "தலையப் புடிச்சு ஆட்டுனாங்க" என்கிறார். சரி, மறுபடி முதலிலிருந்து படுக்கவை, சுற்றட்டும், வாந்தி எடுக்கட்டும். இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் இவ்வளவும் மிச்சம்.

மாத்திரையைப் பற்றி டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆரம்பத்தில் சுற்றலையும் வாந்தியையும் அடக்க மாத்திரை வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பக்க உள்காது பலவீனமானவருக்கு அடக்கும் மாத்திரையையே நீட்டிக்கொண்டு போனால், மூளை பழகிச் சமாளிப்பது தாமதமாகிறது. பிசியோ சொல்லித்தரும் பயிற்சியும் எடுபடாது. எந்தத் தேதியோடு நிறுத்த வேண்டும் என்பதையும் அந்தச் சீட்டிலேயே எழுதிவிடுங்களேன்.

பிசியோ நண்பர்களிடம் கேட்பது வேறு. உடம்பு நிலை தடுமாறாமல் இருக்கக் கண், பாதம், உள்காது மூன்றும் வேண்டும். ராத்திரி மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் போட வரப்பில் நடப்பவருக்கு இருட்டில் கண் உதவாது, சேற்றில் பாதமும் உதவாது, மிச்சமிருப்பது உள்காது மட்டும். அதுவும் பழுது என்றால் விழத்தான் செய்வார். உங்கள் கூடத்தில் டைல்ஸ் தரையில் நேராக நடந்து காட்டியதை வைத்து அவருக்குக் குணமாகிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். வீட்டில் என்ன வேலை, எங்கே நடப்பார் என்று எங்களிடமும் கேளுங்கள், எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

எங்கள் ஆட்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ராத்திரி நன்றாக இருந்த காது காலையில் கேட்கவில்லை என்று ஒருவர் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் அனுப்புங்கள். உள்காது நரம்புக் கோளாறாக இருந்தால் ஸ்டீராய்டை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, இரண்டு வாரம் தாண்டினால் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். அவரை உட்காரவைத்துக் காது மெஷின் விலைப்பட்டியல் காட்டுவது அநியாயம். ஒரு காதில் மட்டும் மந்தம் இருப்பவருக்கும் அப்படித்தான், நரம்பில் கட்டி இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொல்லாமல் மெஷின் மாட்டாதீர்கள். தலைசுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, நிற்கவே முடியாவிட்டாலோ, அது நம் மூன்று பேர் கேஸே இல்லை. பக்கவாதமாக இருக்கலாம், உடனே பெரிய ஆஸ்பத்திரி.

ஏன் எழுதி அனுப்புவதில்லை? நேரம் இல்லை என்பார்கள். நான் நம்பவில்லை. அனுப்பினால் நோயாளி திரும்பி வரமாட்டார், அங்கேயே பிடித்துவைத்துக்கொள்வார்கள் என்ற பயம் பாதி, கமிஷன் பேச்சு பாதி. அதனால் என் யோசனை, யார் அனுப்பினாரோ அவருக்கே பதில் சீட்டோடு திருப்பி அனுப்புவது என்று நாமே ஒப்புக்கொள்வோம். கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் இந்த ஏற்பாட்டுக்குள் கிடையாது. சீட்டின் கீழ்ப்பாதி தமிழில் இருக்கட்டும், வேதாரண்யத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர் வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார்.

மார்ச் 3 உலகச் செவித்திறன் நாளுக்கு ஆளுக்கொரு பேனர் கட்டித் தனித்தனி முகாம் போடுவதற்குப் பதில், அதற்கு முன்னால் ஒரு ஞாயிறு மத்தியானம் உட்கார்ந்து இந்தச் சீட்டின் மாதிரியை முடிவு செய்வோம். கும்பகோணம் என்றால் மாயவரத்துக்காரர்களுக்கும் வசதி. தஞ்சாவூர்தான் வேண்டும் என்றால் அதற்கும் சரி, சாப்பாட்டுச் செலவை மட்டும் பிரித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
கும்பகோணத்திலிருந்து ஒரு ஆடியாலஜிஸ்ட்