ஒரே முகாம்தளம் போதாது, தங்கச்சி

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. பிள்ளைகளோடு போன முகாம்தளம் மனதுக்குப் பிடித்துவிட்டது, கழிப்பறை சுத்தமாக இருக்கிறது, தண்ணீர் பக்கத்திலேயே கிடைக்கிறது, நிழலுக்குக் குறைவில்லை, இனி இளைஞர் குழுவையும் வருடாவருடம் அங்கேயே கூட்டிப் போகப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். குழுவின் பொறுப்பை நீ ஏற்றுக்கொண்டதில் எனக்கு எத்தனை சந்தோஷம் என்று உனக்கே தெரியும். அந்தக் கடைசி வரி மட்டும் எனக்கு ஒப்பவில்லை. வருடாவருடம் அங்கேயே போகாதே. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

பழகிய இடத்துக்கு மூன்றாம் தடவை போகிற பிள்ளைகளைக் கவனித்துப் பார். வண்டி நின்றதும், போன தடவை கூடாரம் போட்ட மூலைக்கே ஓடுவார்கள். நிமிர்ந்து மரத்தைப் பார்க்கமாட்டார்கள், குனிந்து தரையின் சரிவைப் பார்க்கமாட்டார்கள். புது இடமென்றால் அந்த ஓட்டம் நின்றுவிடும். எங்கே படுப்பது, மழை வந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், காற்று எங்கிருந்து வீசுகிறது என்று யாராவது ஒருவர் கேட்டே ஆகவேண்டும். கூடாரம் அடிக்கத் தெரிந்த பிள்ளைகள் நிறைய உண்டு. இடம் பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. அந்தக் கண் பல தளங்களில் தங்கினால்தான் வரும். குடும்பத்தோடும் குழுக்களோடும் ஏரிக்கரை, மலை, காடு, கடற்கரை என்று அலைந்ததில்தான் எனக்கும் வந்தது.

ஏரிக்கரையை எடுத்துக்கொள். தண்ணீரை ஒட்டிய இடத்தைத்தான் எல்லாரும் முதலில் பிடிப்பார்கள். இரவில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் வந்து தேங்கும். கரையோரப் பள்ளத்தில் படுத்தவர்கள் விடியற்காலையில் நடுங்கிக்கொண்டு, கூடாரத்தின் உள்பக்கம் வழியும் நீரைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். கொஞ்சம் ஏறி மேட்டில் போட்டவர்கள் நன்றாகத் தூங்கி எழுந்திருப்பார்கள். உள்பக்க ஈரத்தைப் பார்த்துக் கூடாரம் ஒழுகுகிறது என்று நினைப்பவர்கள் அதிகம். தூங்குகிறவர்களின் மூச்சில் இருக்கும் ஈரம்தான் குளிர்ந்த துணியில் பட்டு நீராகிறது. குளிருக்குப் பயந்து காற்றுத் திறப்புகளை மூடினால் ஈரம் இன்னும் கூடும். திறந்தே வைக்கச் சொல். ஓர் அணியைக் கரையிலும் இன்னொன்றை மேட்டிலும் படுக்கவைத்துப் பார். காலையில் யாரும் விளக்கம் சொல்லத் தேவையிருக்காது, பிள்ளைகளே பேசிக்கொள்வார்கள்.

மலையில் பாடம் வேறு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் இறங்கும். கீழே வியர்த்துக்கொண்டு மூட்டை கட்டிய பிள்ளைக்கு இது எண்ணாகத்தான் தெரியும். இரவு பத்து மணிக்கு உடம்புக்குத் தெரியும். பெற்றோர் மேலே போர்த்துவதற்கே அடுக்கடுக்காகக் கொடுத்தனுப்புவார்கள். சூட்டை இழுப்பது தரை. படுக்கைப்பையின் அடிப்பக்கம் உடம்பின் எடையில் நசுங்கிவிடுகிறது. நசுங்கிய பஞ்சில் காற்று தங்காது, காற்று தங்காத இடத்தில் சூடும் தங்காது. அதனால் போர்வை ஒன்று குறைந்தாலும் சமாளிக்கலாம், அடியில் விரிக்கும் மெத்தை இல்லாமல் ஒரு பிள்ளையையும் மலைக்குக் கூட்டிப் போகாதே.

கடற்கரையில் கூடார முளைகள் மணலில் நிற்காது, காற்றுக்குப் பிடுங்கிக்கொண்டு வரும். துணிப்பையில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டிக் குழியில் புதைத்தால் அசையாது. சின்னப் பிள்ளைகளுக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும், கொடுத்துப் பார். அலை கொண்டுவந்து ஒதுக்கிய பாசியும் குச்சியும் கரையில் ஒரு கோடாகக் கிடக்கும். தண்ணீர் அதுவரை வந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு நன்றாக மேலே தள்ளித்தான் படுக்கவேண்டும். காட்டிலோ, தரையைப் பார்க்குமுன் தலைக்கு மேலே பார்க்கவேண்டும். காய்ந்த கிளை விழுவதற்குப் புயல் வரவேண்டும் என்பதில்லை, காற்றில்லாத நாளிலும் விழும்.

இதையெல்லாம் ஒரே தளத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கலாமே என்று நீ கேட்கலாம். சொல்லலாம், பிள்ளைகள் தலையும் ஆட்டுவார்கள். தங்கிப் பார்த்தது மட்டும்தான் அவர்களிடம் நிற்கிறது என்பது என் அனுபவம்.

பல தளங்களைப் பார்க்கும்போது இன்னொன்றும் கண்ணில் படும். நிறைய இடங்களில் ஒருவழிச் சாலை வளையமாகச் சுற்றி வரும். ஒவ்வொரு கூடார இடத்துக்கும் வண்டி நிறுத்தக் குட்டையாக ஒரு கிளை பிரியும். எமிலியோ மைனெக்கே என்ற தாவரநோய் அறிஞர் 1930-களில் அமெரிக்க வனங்களுக்காக வகுத்துத் தந்த முறை அது. அதற்கு முன் வண்டிகள் மரங்களுக்கு நடுவே நினைத்தபடி புகுந்து நிற்கும். மண் இறுகி, வேருக்குக் காற்றும் நீரும் போகாமல் மரங்கள் நலிவதைக் கலிஃபோர்னியாவின் ரெட்வுட் காடுகளில் அவர் கண்டார். வண்டியையும் கூடாரத்தையும் அடுப்பையும் குறித்த இடத்தில் நிறுத்திவிட்டால் மீதித் தரை பிழைத்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. கூடாரத்தை அடையாளமிட்ட இடத்துக்கு வெளியே ஏன் போடக்கூடாது என்று குழுவில் யாராவது கேட்டால் இந்தக் கதையைச் சொல். விதி என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள், மரத்தின் வேர் என்று சொன்னால் கேட்பார்கள்.

குறித்த இடமே இல்லாத தளத்திலும் ஏற்கெனவே தேய்ந்த தரையில்தான் கூடாரம் போடவேண்டும். பசும்புல்லாக இருக்கும் புதுத் தரையில் முதல் சில இரவுகளே பெரும்பாலான சேதத்தைச் செய்துவிடுகின்றன. தேய்ந்த இடத்தில் இன்னொரு கூட்டம் வந்து தங்குவதால் கூடும் சேதம் கொஞ்சம்தான். கழிப்பறை இல்லாத இடமென்றால் தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் கூடாரத்திலிருந்தும் 60 மீட்டராவது தள்ளிப் போய், 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டிப் பிறகு மூடவேண்டும். பாத்திரம் கழுவும் வேலையும் ஓடைக்கு அதே அளவு தள்ளித்தான்.

இனி உன் சொந்தப் பிள்ளைகளைப் பற்றி. குடும்பமாகப் போகும்போது ஓர் இரவு மட்டும் தங்கிவிட்டு, தூக்கமே இல்லை, இது நமக்குச் சரிப்படாது என்று திரும்புகிறவர்களைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருக்கும். புது இடத்தின் முதல் இரவில் மூளையின் ஒரு பாதி மற்றதைவிட விழிப்பாக இருந்து காவல் காக்கிறது என்று பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் கண்டார்கள். அந்த இரவை வைத்து முகாமை எடை போடுவது நியாயமில்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தார் 2013-ல் சிலரை ஒரு வாரம் மின்விளக்கே இல்லாமல் மலையில் முகாமிட வைத்தபோது, உடம்பின் உள்கடிகாரம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னால் நகர்ந்தது. வீட்டில் படுக்க அடம்பிடிக்கிற பிள்ளை முகாமில் இருட்டியதும் தானே சுருண்டு படுத்துக்கொள்வதை நீயும் பார்ப்பாய், முதல் இரவைத் தாண்டினால். ஆகவே எந்தப் புதுத் தளமானாலும் இரண்டு இரவுக்குக் குறையாமல் தங்கு. கைக்குழந்தையோ மிகச் சின்னப் பிள்ளையோ கூட இருந்தால் பழகிய தளத்துக்கே ஒன்றிரண்டு தடவை போவதில் தப்பில்லை. பிள்ளைக்கு இருட்டு பழகட்டும், பிறகு இடத்தை மாற்று.

குடும்ப முகாமில் நீ அம்மா. குழுவில் நீ பொறுப்பாளர். இது இரண்டும் கலந்துவிடக்கூடாது. ஈரக் காலுறையை நீ கழற்றிவிடுவதும் முளையை நீயே அடிப்பதும் உன் பிள்ளையிடம் செல்லும். குழுவில் அந்த வேலை அணியுடையது. ராபர்ட் பேடன்-பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய சோதனை முகாமுக்கு 20 பேர் அளவில்தான் பையன்கள் வந்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளும் கலந்து நான்கு அணிகளாகப் பிரிந்தார்கள், ஒவ்வோர் அணிக்கும் அவர்களில் ஒரு பையனே தலைவன். சாரணர் இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது. நூறு வருடம் தாண்டியும் இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்க்கவில்லை. ஐந்தாறு பேர் கொண்ட அணி, அவர்களில் ஒருவர் தலைவர், அந்த அணிக்கென்று தனி அடுப்பு, தனிக் கூடாரம், தனி வேலை. புதுத் தளத்தில் இறங்கியதும் பத்து நிமிடம் நடந்து பார்த்து இடத்தை அணித்தலைவர் சொல்லட்டும். ஆபத்தில்லாத இடமாக இருந்தால், உனக்குப் பிடிக்காவிட்டாலும் விட்டுவிடு. தரை சரிவாக இருந்தால் இரவெல்லாம் ஒரே பக்கமாக உருண்டுகொண்டிருப்பார்கள். மறுநாள் அவர்களே கூடாரத்தைத் திருப்பிப் போடுவார்கள். அந்தத் திருப்புதலுக்காகவும்தான் இரண்டு இரவு என்கிறேன்.

ஆனால் சில விஷயங்களை அணியிடம் விடவே கூடாது. இவற்றில் நீ கண்டிப்பாக இருக்கவேண்டும், கெஞ்சினாலும் இளகாதே.

கூடாரத்துக்குள் அடுப்போ கரியோ எந்தக் காரணத்துக்காகவும் போகக்கூடாது. மழையோ குளிரோ சாக்கில்லை, கரி அணைந்த மாதிரி தெரிவதும் சாக்கில்லை. கரியிலிருந்தும் அடுப்பிலிருந்தும் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். வெளியே மூட்டிய தீயைத் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று உறுதியான பிறகே நகரவேண்டும். இடிச் சத்தம் காதில் விழுந்தாலே எல்லாரும் உறுதியான கட்டடத்துக்குள்ளோ கூரை மூடிய வண்டிக்குள்ளோ போய்விடவேண்டும். கூடாரம் மின்னலுக்குப் பாதுகாப்பே இல்லை. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை வெளியே வரக்கூடாது. அதனால் எந்தத் தளத்துக்குப் போனாலும், இறங்கியவுடன் அந்தக் கட்டடம் எங்கே என்று முதலில் பார்த்துவை.

ஓடைத் தண்ணீரைக் கொதிநிலை வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்கவிடு, 2000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம். கழிப்பறைக்குப் போய் வந்தாலும் சாப்பிடுமுன்னும் சோப்புப் போட்டுத்தான் கை கழுவவேண்டும். முகாம்களில் வாந்தியையும் பேதியையும் பரப்பும் நோரோவைரஸ் கையில் தேய்க்கும் சானிடைசருக்கு அவ்வளவாக மசிவதில்லை.

பெரியவர் ஒருவர் பிள்ளை ஒருவரோடு தனியாக இருக்கும்படி ஒருபோதும் விடாதே. எப்போதும் இரண்டு பெரியவர்கள் வேண்டும், பெரியவர்களின் கூடாரம் தனி. வருகிற தொண்டர் எத்தனை நல்லவராக இருந்தாலும் இது எல்லாருக்கும் பொது என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடு. யார் எந்த மருந்து சாப்பிடுகிறார்கள், யாருக்கு எது ஒவ்வாது என்ற பட்டியல் உன் கையில் ஒன்றும் இன்னொரு பெரியவர் கையில் ஒன்றும் இருக்கட்டும்.

வீட்டு ஏக்கத்தைப் பற்றித் தனியாக எழுதவேண்டும், ஏனென்றால் பொறுப்பாளர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பகலில் குதித்து விளையாடிய பிள்ளை, சாப்பாட்டு நேரத்திலும் விளக்கை அணைத்த பிறகும் உடைந்துபோகும். அதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் அங்கேயே தடுத்து நிறுத்து. அது அன்பின் வலி. புறப்படுமுன் பெற்றோரிடம் ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கேட்டுக்கொள்: "பிடிக்கவில்லையென்றால் சொல், உடனே வந்து கூட்டிப் போகிறோம்" என்று வாக்குக் கொடுக்கவேண்டாம். 2007-ல் வெளியான அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பின் அறிக்கையும் இதையேதான் சொல்கிறது. அந்த வாக்கைக் கேட்ட பிள்ளை, உன்னால் முடியாது என்று அம்மாவே நினைக்கிறாள் என்று புரிந்துகொள்கிறது. முதல் கஷ்டத்திலேயே மனம் வீட்டு வாசலுக்குப் போய்விடுகிறது. முகாமுக்கு முன்பே உறவினர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ ஓரிரு இரவு தங்கிப் பழகட்டும். முகாமில் அழுதால் பக்கத்தில் உட்கார், பேசவிடு, பிறகு கையில் ஒரு வேலையைக் கொடு. விறகு எண்ணுவதோ கயிறு சுற்றுவதோ, அந்த வேலை நிஜமாகவே அணிக்குத் தேவைப்படுவதாக இருக்கவேண்டும். சும்மா கொடுத்த வேலையைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

உனக்குப் பிடித்த தளத்தை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. குழுவின் முதல் முகாமை அங்கேயே வை. தண்ணீரும் கழிப்பறையும் கவலையில்லாமல் இருந்தால் நீ பிள்ளைகளின் பெயரையும் சுபாவத்தையும் பார்க்கலாம். இரண்டாவது முகாம் கொஞ்சம் உயரமான இடமாக இருக்கட்டும். மூன்றாவதை அணித்தலைவர்களையே வரைபடம் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல். முன்கூட்டியே நீ ஒரு தடவை போய், ஆம்புலன்ஸ் வரப் பாதை இருக்கிறதா, செல்போன் சிக்னல் எங்கே கிடைக்கிறது, குழுவுக்கென்று ஒதுக்கிய இடம் உண்டா, இரவில் எத்தனை மணிக்குச் சத்தம் அடங்கவேண்டும் என்று பார்த்துவிட்டு வா. பக்கத்துக் கூடாரங்களில் குடும்பங்கள் இருந்தால், போய்ச் சேர்ந்ததும் அணித்தலைவர்களை அழைத்துப்போய் அறிமுகம் செய்துவை. முகம் தெரிந்தவர்களின் தூக்கத்தைக் கெடுக்கப் பிள்ளைகளுக்கு மனம் வராது.

என்னிடம் பெரிய தார்பாய் இரண்டும், நீளமான முளைகள் ஒரு பையும், கடற்கரைக்குத் தைத்த மணல்பைகளும் சும்மா கிடக்கின்றன. தேதி முடிவானதும் எழுது, அனுப்பிவைக்கிறேன். இரண்டாவது பெரியவர் யாரும் கிடைக்காவிட்டால் தயங்காமல் சொல், நானே வருகிறேன்.

அன்புடன்,
அக்கா