ஐஸ் மேலே காரை ஏற்றுவதற்கு முன்னால்

ஹட்டன்
ஜனவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இங்கே சுகம். பொங்கல் நல்லபடியாகப் போனது. நீ அனுப்பிய வீடியோவை அப்பா லயத்துப் பக்கம்வரை கொண்டுபோய் எல்லாருக்கும் காட்டிவிட்டு வந்தார். உங்கள் கனடாவின் சிம்கோ ஏரி உறைந்து வெள்ளைவெளேரென்று கிடக்கிறது, அதன் நடுவில் சந்தைக்கு வந்ததுபோல வரிசையாகக் கார்கள். ஒருவர் பிக்கப்பின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கோப்பி ஊற்றுகிறார். எல்லாம் அழகுதான். "அடுத்த மாசம் நாங்களும் நம்ம காரிலேயே ஐஸ் மேலே போறோம், பெர்ச் மீன் பிடிக்க" என்று கடைசியில் நீ சொன்னாயே, அதுதான் எனக்கு நெஞ்சில் உறுத்துகிறது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

போகாதே என்று சொல்லவில்லை. தாராளமாகப் போ, மீன் பிடி. காரை மட்டும் கரையில் விட்டுவிட்டுப் போ. உயிர்ப் பயத்தை அப்பா சொல்வார், அவருக்கு லொறி ஓட்டிய அனுபவம். நான் இன்சூரன்ஸ் ஒபீஸில் க்ளெய்ம் மேசையில், நட்டஈடு கேட்டு வரும் ஃபைல்களைப் பார்த்தவள், எனக்குத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன்.

உன் காருக்கு "ஃபுல் இன்சூரன்ஸ்" இருக்கிறது என்கிறாய். இங்கேயும் எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வருவார்கள். ஃபைலைத் திறந்து பார்த்தால்தான் ஃபுல்லில் எவ்வளவு ஓட்டை என்று தெரியும். ஒன்டாரியோவில் சட்டம் கட்டாயமாக்குவதில் முக்கியமானது மூன்றாம் தரப்புப் பொறுப்பு, குறைந்தது 200,000 டொலர். அது நீ அடுத்தவருக்கு ஏற்படுத்தும் காயத்துக்கும் நட்டத்துக்கும் உரியது. ஏரியில் மூழ்கிய உன் காருக்கு அதிலிருந்து ஒரு சதமும் வராது. உன் சொந்தக் காரின் சேதத்துக்குத் தனியாகப் பணம் கட்டியிருக்க வேண்டும். அதிலும் பிரிவுகள் இருக்கின்றன. கொலிஷன் என்றால் மோதலும் கவிழ்வதும். ஸ்பெசிஃபைட் பெரில்ஸ் என்றால் பட்டியலில் பெயர் உள்ள ஆபத்துகள் மட்டும். கொம்ப்ரிஹென்சிவ் அதைவிட அகலம். கொலிஷனும் கொம்ப்ரிஹென்சிவும் சேர்ந்தது ஓல் பெரில்ஸ்.

அந்தப் பட்டியலை நான் தேடிப் படித்தேன். தீ, களவு, மின்னல், புயல், ஆலங்கட்டி, நிலநடுக்கம் என்று போகிறது. அதில் "உயர்ந்து வரும் தண்ணீர்" என்றும் ஒன்று இருக்கிறது. உன்னைப் போன்றவர்கள் அதைப் பார்த்துவிட்டு, சரி, தண்ணீர்தானே, இருக்கிறது என்று நிம்மதியாகிவிடுவார்கள். என் மேசைக்கு அந்த க்ளெய்ம் வந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன் தெரியுமா? "தண்ணீர் உயரவில்லை, வாகனம்தான் இறங்கியது." ஃபைலை மூட அந்த ஒரு வரி போதும். கொம்ப்ரிஹென்சிவ் இருந்தால் ஐஸ் உடைந்து விழுந்ததைப் பெரும்பாலும் அதற்குள் சேர்ப்பார்கள். கொலிஷனா, கொம்ப்ரிஹென்சிவா என்று இழுபறி வந்தாலும் ஓல் பெரில்ஸ் எடுத்தவருக்குக் கவலை குறைவு, இரண்டுமே அதற்குள் இருக்கிறது. அங்கே எல்லாக் கம்பெனிக்கும் அடிப்படைப் பத்திரம் ஒன்றுதான், ஓஏபி 1 என்பார்கள். ஆனால் நீ எந்தப் பிரிவுக்குப் பணம் கட்டினாய் என்பது உன் சான்றிதழ்த் தாளில்தான் இருக்கும். எந்தப் பிரிவுக்கு எதிரே பிரீமியத் தொகை போட்டிருக்கிறதோ அதுதான் உன்னிடம் இருக்கிறது.

காசல்ரீயில் தண்ணீர் இறங்கிய ஒரு வருஷம் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்காது, நீ சின்னப் பிள்ளை. நீர்த்தேக்கத்தின் அடி காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பொடியன்கள் சிலர் வாடகை வேன் ஒன்றை அதற்குள் இறக்கிப் படம் எடுத்தார்கள். மேலே காய்ந்த மண், கீழே கூழ். நடுவுக்குப் போனதும் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. க்ளெய்ம் படிவத்தோடு இணைத்திருந்த படம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. டயர் தெரியவில்லை. கதவுக்குப் பக்கத்தில் சேற்றில் சிக்கிய ஒற்றைச் செருப்பு மட்டும் கிடக்கிறது. வேன்காரர் கையில் ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தது. கம்பெனி கேட்ட கேள்விகளோ வேறு. அது ரோட்டா? யார் ஓட்டினது? வாடகைக்கா, சொந்தத் தேவைக்கா? இழுத்து எடுக்க டிரக்டரும் ஆட்களும் போனார்கள். அந்தச் செலவில் பத்திரத்தில் போட்டிருந்த டோவிங், அதாவது இழுத்துச் செல்லும் செலவு, வரம்புக்கு மேலே போனதெல்லாம் அவர் தலையில் விழுந்தது. வேனுக்கு ஏற்பட்ட சேதத்தைவிட, வெளியே எடுத்த செலவுதான் அவரை முறித்தது.

ஏரியில் அது இன்னும் மோசம். கார் அடியில் போய்விட்டால் முங்கு நீச்சல்காரர்கள் இறங்கி வயர் கட்ட வேண்டும், ஐஸை அறுத்து வழி செய்ய வேண்டும், வின்ச் வைத்துத் தூக்க வேண்டும். அந்தக் கனமான சாமான்களையும் அதே ஐஸ் தாங்க வேண்டும். பழைய கார் என்றால் செலவு அதன் விலையையே தாண்டிவிடும். அப்படியே விட்டுவிடலாம் என்றும் நினைக்காதே. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் 30 நாளுக்குள் எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம். உங்கள் ஒன்டாரியோவிலும் பெற்றோலோ எண்ணெயோ தண்ணீரில் கசிந்தால் சுற்றாடல் அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும், துப்புரவு செய்யும் பொறுப்பும் உரியவர் மேலே வரும். நீ இருக்கும் பாரி நகரத்துக்குக் குடிதண்ணீரில் ஒரு பங்கு அந்த ஏரியிலிருந்துதானே வருகிறது, சும்மா விடுவார்களா?

சரி, பணம் தந்தாலும் எவ்வளவு தருவார்கள்? விசேஷமாக வேறு எதுவும் எடுத்திருந்தால் தவிர, காரின் அன்றைய பெறுமதிதான், நீ வாங்கிய விலை அல்ல. அதிலும் டிடக்டபிள், அதாவது நீயே ஏற்க வேண்டிய தொகையை, கழிப்பார்கள். லீசிங் பாக்கி அதைவிடக் கூடவாக இருந்தால், இல்லாத காருக்கு நீ மாசாமாசம் கட்டிக்கொண்டிருப்பாய்.

இன்னும் சில வாசல்கள் தானாகவே மூடியிருக்கும். ஐஸ் மேலே ரேஸ் விட்டால் அந்தப் பத்திரம் சேதத்துக்குப் பணம் தராது, அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. உன் சிநேகிதன் ரெண்டு பியர் போட்டுவிட்டு ஓட்டினால், ஏரிதானே, பொலிஸுக்கு என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். கனடாவின் குற்றவியல் சட்டம் ரோட்டில் இருப்பதுபோலவே ஏரியிலும் செல்லும். வாடகைக் கார் எடுத்துக்கொண்டு போகலாம் என்ற யோசனை உனக்கு வரும், உன் புத்தி எனக்குத் தெரியும். பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் ரோட்டை விட்டு இறங்கக் கூடாது என்று இருக்கும். இறங்கினால் அவர்கள் விற்ற இன்சூரன்ஸும் போச்சு.

இனி அப்பாவின் பங்கு. நுவரெலியாவில் இந்த மாசம் புல்லில் வெள்ளை பூத்துக் கொழுந்து கருகினாலே பேப்பரில் படம் வரும் ஊர் நம்முடையது. கிரகரி வாவி உறைந்து நாங்கள் யாரும் கண்டதில்லை. ஆனாலும் மனுஷன் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து இதைப் பற்றியே வாசிக்கிறார். கொழுந்து லொறி ஓட்டினவருக்குப் பாரம் என்றால் அப்படி ஒரு ஆர்வம்.

அவர் சொல்வது இது. புதிதாக உறைந்த தெளிவான ஐஸ் என்றால் நடக்க 4 அங்குலம், ஸ்னோமொபைல் என்ற பனி வண்டிக்கு 5, 6 அங்குலம், காருக்கு 8 முதல் 12, பிக்கப்புக்கு 12 முதல் 15 என்று பொதுவான கணக்கு ஒன்று இருக்கிறது. கனடாவின் தேசிய ஆராய்ச்சி சபையில் இருந்த லோர்ன் கோல்ட் 1971இல் பாரக் கணக்கு ஒன்றை எழுதி வைத்திருக்கிறார். தாங்கும் எடை கனத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்பதுதான் அதன் அடிப்படை. கனம் இரட்டிப்பானால் நாலு மடங்கு தாங்கும். அதையே திருப்பிப் பார், பாதியாகக் குறைந்தால் கால் பங்குதான் தாங்கும். உன் காரோ ஒன்றரை டன்னுக்கு மேல், அதில் நாலு பேரும் சாமானும் வேறு. பனி கலந்த வெள்ளை ஐஸ் தெளிவான ஐஸில் பாதி பலம்தான், ஆகவே அந்த எண்களை இரட்டிப்பாக்க வேண்டும். மேலே கிடக்கும் பனியோ கம்பளிபோல மூடிக் குளிரைத் தடுத்துக் கீழே ஐஸ் வளர விடாது. ஓர் இடத்தில் ஓர் அடி இருந்தது என்று யாரோ சொன்னால் அது அளக்கத் துளைத்த அந்த ஓட்டைக்கு மட்டும் உண்மை. சிம்கோவும் பக்கத்துக் கூச்சிச்சிங் ஏரியும் சேரும் அதெர்லி நெரோஸ் போன்ற, தண்ணீர் ஓடும் இடங்களில் எந்தக் குளிரிலும் நம்பக் கூடாது.

நிற்பதும் ஒரு வில்லங்கம். உன் வீடியோவில் கார்கள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன பார், அதைக் கண்டதும் அப்பா தலையில் கை வைத்தார். நீண்ட நேரம் ஒரே இடத்தில் பாரம் இருந்தால் ஐஸ் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்யும். மீன் பிடிக்கத் துளைத்த ஓட்டை வழியே தண்ணீர் மேலே பொங்கினால் உடனே காரை எடுத்துவிட வேண்டும் என்கிறார்.

ஓடும்போது வேறு கதை. கார் போகப் போக ஐஸ் வளைந்து அடியில் தண்ணீரில் அலை எழும்பும். காரின் வேகமும் அலையின் வேகமும் ஒன்றானால் வளைவு பெருகி ஐஸ் பிளக்கும். கரைக்குக் கிட்டே அலை திரும்பி வந்து மோதுவதால் அங்கே இன்னும் மோசம். எஸ்தோனியாவில் ஹீயுமா தீவுக்குக் கடல் மேலே ஐஸ் ரோடு திறக்கும் வருஷங்களில் மணிக்கு 25 கிலோமீற்றருக்கும் 40க்கும் இடைப்பட்ட வேகத்தில் ஓட்டக் கூடாது என்பது விதியாம். ஒன்று அதைவிட மெதுவாக, இல்லாவிட்டால் அதைவிட வேகமாக. விழுந்தால் சட்டென்று வெளியேற வேண்டுமே, அதனால் சீட் பெல்ட் போடவும் கூடாது! 1941இல் லெனின்கிராட் முற்றுகையின்போது லடோகா ஏரி மேலே ஒன்றரை டன் லொறிகளில் மாவு கொண்டுபோன சாரதிகள், அந்தக் குளிரிலும் கதவைத் திறந்து வைத்தே ஓட்டினார்களாம். இதை அப்பா மூன்று நாளாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தச் சாரதிகளுக்கு வேறு வழி இல்லை, ஊரே பட்டினி. உனக்குப் பெர்ச் மீன்.

உள்ளே விழுந்தால் என்ன செய்வது என்பதை மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்ப்ரெக்ட் என்ற பேராசிரியர் தானே குளிர்த் தண்ணீரில் இறங்கிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். திணறும் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவந்து நிதானத்துக்கு வர ஒரு நிமிஷம், கை கால் சொன்னபடி கேட்பது பத்து நிமிஷம், நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். கார் மிதப்பதோ ஒரு நிமிஷம் அளவில்தான். பெல்ட்டைக் கழற்று, கண்ணாடியை இறக்கு, பிள்ளைகளை முதலில் வெளியே தள்ளு, நீ பின்னால் வா. கதவைத் திறந்தால் தண்ணீர் பாய்ந்து கார் உடனே அமிழ்ந்துவிடும். போன் எடுத்துப் பேச நேரமில்லை. இப்போது வரும் கார்கள் பலவற்றில் பக்கக் கண்ணாடியும் நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து லமினேட் செய்தது, சின்னச் சுத்தியலால் உடையாது. இந்தப் பகுதியை மருமகளிடமும் வாசித்துக் காட்டு. குட்டியைத் தயவுசெய்து கூட்டிப்போக வேண்டாம். இதில் மட்டும் நான் பிடிவாதம்.

அந்த ஏரியில் மீன்பிடிக் குடில் வாடகைக்கு விடுபவர்கள் இருக்கிறார்களே, அவர்களே பொம்பார்டியர் என்ற பனியில் ஓடும் பெரிய வண்டியிலோ ஸ்னோமொபைலிலோ ஏற்றிக்கொண்டு போவார்கள். தினமும் ஐஸைத் துளைத்துப் பார்ப்பது அவர்கள் தொழில். அப்படிப் போ. ஏறுவதற்கு முன்னால் அவர்களிடம் பொறுப்பு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேள். கையெழுத்துக்கு ஒரு தாள் நீட்டுவார்கள், அதை வாசிக்காமல் போடாதே. நாலு பேருக்கு வரும் செலவு உன் டிடக்டபிளைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இதற்கு மேலும் காரோடுதான் போவேன் என்றால், உன் புரோக்கருக்கு இதை அப்படியே ஈமெயில் எழுது: "உறைந்த ஏரி மேலே ஓட்டும்போது ஐஸ் உடைந்து கார் மூழ்கினால் எந்தப் பிரிவில் பணம் தருவீர்கள்? வெளியே தூக்கும் செலவும், எண்ணெய் கசிந்தால் துப்புரவுச் செலவும் அதில் சேருமா?" போனில் கேட்டு "ஓம், கவர் இருக்கு" என்று சொன்னால் போதாது, பதில் எழுத்தில் வர வேண்டும். அது வரும்வரை ஐஸ் பக்கம் கார் போகக் கூடாது.

இப்போதைக்கு அந்தச் சான்றிதழ்த் தாளை இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பு. எழுத்துச் சின்னதாக இருந்தால் பரவாயில்லை, கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு. அப்பா கேட்கச் சொன்னார்: அந்தப் பிக்கப்காரர் எத்தனை இடத்தில் துளைத்துப் பார்த்தார், ஐஸ் தெளிவா வெள்ளையா, எத்தனை அங்குலம்? எண் தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதட்டும் என்கிறார்.