குதிரை மேய்ச்சல் காடு: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா பாக்கிக்காரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாம் என்று செயற்குழு முடிவெடுத்துவிட்டதால் அந்தப் பேச்சும் இங்கே இல்லை. இந்த ஆண்டு நாம் உருப்படியாகச் செய்தது ஒரே வேலைதான்: கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே குத்தகைக்கு எடுத்த காட்டை, அதாவது மானாவாரி நிலத்தை, குதிரையும் மட்டக்குதிரையும் மேய்கிற மாதிரி ஆக்கியது.

முதலில் மண். கேரளம் என்றாலே புளிப்பு மண், சுண்ணாம்பைக் கொட்டு என்பார்கள். ஆனால் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்குப் பக்கம் கரிசல், காரம் பக்கம் சாய்ந்த மண். பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்த்ததில் சுண்ணாம்பு வேண்டாம் என்றே வந்தது, அந்தக் காசு மிச்சம்.

அப்புறம் புல். பொதுக்குழுவில் சண்டை நடந்ததே இதற்குத்தான். காங்கேயம் பக்கம் சொந்தம் உள்ளவர்கள் அங்கே கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலங்களில் வளரும் கொழுக்கட்டைப்புல்லைக் கேட்டார்கள், பால்மாடு வைத்திருப்பவர்கள் நேப்பியர் தீவனப்புல்லின் கரணை இலவசமாகத் தருகிறேன் என்றார்கள். இரண்டும் மாட்டுக்கு அருமையான தீவனம், அதில் மறுபேச்சில்லை. ஆனால் இந்தப் புற்களில் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். மாட்டின் முதல் வயிற்றில் இருக்கிற நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வயிறு கிடையாது, ஆக்சலேட் குடலிலேயே சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பு எலும்பிலிருந்து எடுத்துச் சமாளிக்கும். மாசக்கணக்கில் இதையே தின்றால் நொண்டும், முக எலும்பு வீங்கும். புல்லில் மொத்த ஆக்சலேட் 0.5 சதவீதத்தைத் தாண்டினாலே கவனம் வேண்டும். அதனால் இரண்டையும் விதைக்கவில்லை. ஏற்கெனவே கிடந்த அருகம்புல்லையே கொஞ்ச நாள் ஆடு மாடு படாமல் அடைத்துப்போட்டோம், மழை விழுந்ததும் தானாகப் படர்ந்தது. வெறும் திட்டுகளில் முயல்மசால் என்ற தீவனப்பயிரின் விதையைத் தூவினோம். அதன் விதைத்தோல் கெட்டி, 80 டிகிரி சூட்டு நீரில் சில நிமிடம் போட்டெடுத்தால்தான் ஒழுங்காக முளைக்கும். வீட்டில் வேறு வழியில்லாமல் நேப்பியர் போடுகிறவர்கள் கூடவே குதிரைமசால் தீவனப்பயிரும் கொடுங்கள், அதில் சுண்ணாம்புச் சத்து நிறைய.

வேலியோரச் சூபாபுல் மரங்களை வெட்டியதற்குக் கோபித்துக்கொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை: குதிரை அந்தத் தழையை அதிகம் தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும். தத்தமங்கலம் குதிரையோட்டத்துக்கு மொட்டை வாலோடு போக யாருக்கு ஆசை?

எரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை, இனியும் மாட்டேன். கோழி எரு மலிவாக வருகிறது, லாரியே வாசலுக்கு வந்து நிற்கிறது, சரி. கோழிக்கு ரத்தக்கழிச்சல் வராமலிருக்கத் தீவனத்தில் கலக்கும் மோனென்சின் என்ற மருந்து எருவிலும் தங்கும், அது குதிரைக்கு நஞ்சு. உடல் எடையில் கிலோவுக்கு 2, 3 மில்லிகிராம் போனாலே உயிருக்கு ஆபத்து, கோழி தாங்குகிற அளவில் அது ஒரு துளிதான். எருவில் செத்த கோழி கிடந்தால் பாட்டுலிசம் என்ற, உடம்பை முடக்கும் நச்சு நோய் வேறு. எனவே நன்றாக மக்கிய மாட்டுச் சாணம் மட்டுமே போட்டோம்.

களையில் உண்ணிச்செடி, பார்த்தீனியம், கிலுகிலுப்பை மூன்றையும் வேரோடு பிடுங்கி, பிடுங்கிய அன்றே காட்டுக்கு வெளியே கொண்டுபோய்விட்டோம். பச்சையாக இருக்கும்போது குதிரை ஒதுக்குகிற செடியைக்கூட வாடினால் தின்றுவிடும். கிலுகிலுப்பை ஈரலைக் கெடுப்பது வெளியே தெரியவே மாதங்கள் ஆகும், தெரியும்போது வைத்தியர் கையில் பெரிதாக ஒன்றும் இருக்காது.

காட்டை மூன்று பாகமாகப் பிரித்துச் சுற்றுமுறையில் மேய்க்கிறோம். புல் ஒரு சாண் வந்ததும் உள்ளே விடுவது, நாலு விரல் ஆனதும் வெளியே ஓட்டுவது. அதற்குக் கீழே மேய விட்டால் மண்ணும் சேர்ந்து வயிற்றுக்குள் போய் வயிற்றுவலியில் முடியும். காய்ந்த தீவனத்தில் இருந்த குதிரையை மழைப்புல்லில் முதல் நாளே முழுநேரம் விடாதீர்கள், ஒரு மணி நேரத்தில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள், குறிப்பாகக் கொழுத்த மட்டக்குதிரைக்கு. குளம்பு வீக்கம் வந்தால் அது பெரும்பாடு.

குதிரை லத்தி போட்ட இடத்தில் மேயாது, அதனால் ஒரு பக்கம் சிரைத்தது போலவும் மறுபக்கம் புதராகவும் ஆகிவிடுகிறது. வாரம் இருமுறை லத்தி அள்ளினால் புல்லும் மிஞ்சும், குடற்புழுவும் குறையும். குதிரைக்குப் பின்னால் மாடுகளை விட்டால் ஒதுக்கிய புல்லை அவை தீர்க்கும், குதிரையின் புழுக்கள் பெரும்பாலும் மாட்டுக்குள் பிழைப்பதில்லை.

பாக்கி வேலைகள்: மூன்றாவது பாகத்துக்குத் தண்ணீர்த் தொட்டி, ரோட்டோர முள்கம்பியை மாற்றுவது. லத்தி அள்ளும் முறைப்பட்டியல் கொட்டகைத் தூணில் மறுபடியும் ஒட்டப்படும். போன பட்டியலைக் கிழித்தது யார் என்று விசாரிக்கப் போவதில்லை, அந்த ஆளுக்கு இந்த முறை திங்களும் வியாழனும் தரப்பட்டிருக்கிறது.

இங்ஙனம்,
செயலாளர்